எண்ணத்தின் இலக்கணம்

தன்மை, முன்னிலை, படர்க்கை என்னும் மூவிடங்களை நாம் எல்லோரும் தமிழ்ப்பள்ளியிலேயே படித்துவிட்டோம். இரண்டு புள்ளிகளுக்காக மனப்பாடம் செய்த அந்தப் பாடம் ஒரு நாள் என் சொந்தச் சிக்கல் ஒன்றை அவிழ்க்க உதவும் என்று அப்போது யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன். நம் கழகத்தின் ஆண்டிதழுக்கு முன்னாள் மாணவி என்ற முறையில் ஒரு கட்டுரை வேண்டும் என்று தம்பி தங்கைகள் கேட்டபோது, இதையே எழுதலாம் என்று தோன்றியது. நான் இப்போது ஓர் இடைநிலைப்பள்ளியில் ஆலோசக ஆசிரியையாகப் பணிபுரிகிறேன். மாணவர் மனத்தைப் பற்றிப் பேசுவதே என் தொழில். ஆயினும் இங்கே கூறப்போவது பெரும்பாலும் தொழிலில் கற்றதன்று. உங்களைப் போல் விடுதி அறையில் இருந்த நாள்களில் பட்டுத் தெரிந்துகொண்டது.

தேறாத ஒரு தாள்

2001 நவம்பரில் எங்கள் முதல் பருவத் தேர்வு முடிவு வெளிவந்தது. இரண்டாம் ஆண்டுப் பொருளியல் மாணவியான நான் புள்ளியியல் தாளில் தேறவில்லை.

கெடாவில் சுங்கைப் பட்டாணிக்கு அருகிலிருந்த ஒரு ரப்பர் தோட்டத்திலிருந்து வந்தவள் நான். தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டும் முதல் மாணவி. எங்கள் லயத்திலிருந்து பல்கலைக்கழகம் போன முதல் பெண்ணும் நான்தான். அப்பா 1994இல் காலமானார். அதே ஆண்டு எஸ்.பி.எம். எழுதிய அண்ணன், படிவம் ஆறுக்குப் போகத் தகுதி பெற்றும் போகவில்லை. ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்துவிட்டார். என் கல்விக் கட்டணத்துக்குப் பி.டி.பி.டி.என். கடனுதவி கிடைத்தது. கைச்செலவுக்கு மாதம் 150 வெள்ளியை அண்ணன் என் வங்கிக் கணக்கில் போடுவார். ஒரு மாதம்கூடத் தவறியதில்லை.

ஞாயிறு மாலைகளில் விடுதியின் பொதுத் தொலைபேசியிலிருந்து வீட்டுக்கு அழைப்பது வழக்கம். முடிவு வந்த வாரம் அம்மா, "பரீட்சை என்னாச்சு பாப்பா?" என்று கேட்டார். "எல்லாம் பாஸ்மா" என்றேன். யோசித்துச் சொன்ன பொய் அன்று, வாய் முந்திக்கொண்டது.

அதன்பின் எனக்குப் படிப்பு ஓடவில்லை. இரவில் தூக்கம் வராது, பகலில் தலைவலி. தேறாத தாளை மீண்டும் எடுப்பதற்கான வகுப்பு செவ்வாய்க்கிழமைகளில் நடந்தது. அதற்குப் பாதி நாள் போகமாட்டேன். 'எனக்குக் கணக்கு வராது' என்பதே என் சிக்கல் என்று நானே முடிவு கட்டிவிட்டேன். அதற்குரிய மருந்துகளையும் தேடினேன். நூலகத்தில் கூடுதலாக இரண்டு புத்தகங்கள் எடுத்தேன். சீனத் தோழி ஒருத்தி பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தாள். அவள் விளக்கும்போது எல்லாம் புரியும். தனியே அமர்ந்தால் ஒரு பக்கம் நகராது. பருவத்தை ஒத்திவைக்கும் விண்ணப்பப் படிவத்தை அலுவலகத்திலிருந்து வாங்கிவந்து, பெயரையும் பதிவெண்ணையும் நிரப்பி, மேசை இழுப்பறையில் வைத்திருந்தேன்.

ஐந்து ஐந்து ஐந்து

அந்தப் படிவத்தைப் பார்த்துவிட்டவர், நம் கழகத்தில் எனக்கு மூத்தவரான ஓர் அக்கா. உளவியல் பயின்றவர். அறிவுரை எதுவும் கூறவில்லை. மறுநாள் ஒரு 555 குறிப்பேட்டை வாங்கிவந்து கொடுத்தார். மளிகைக்கடையில் கடன் கணக்கு எழுதுவார்களே, சட்டைப் பையில் அடங்கும் அதே சிறு புத்தகம்தான். "இதுல உன் பிரச்சினைய எழுதாதே. மனசு என்ன சொல்லுதோ அத, அது சொல்ற வார்த்தையிலயே எழுது. திருத்தாதே. மணியப் போடு, எங்க இருந்தேன்னு போடு. ரெண்டு வாரம்" என்றார்.

முதல் நாள், 'இன்று மிகவும் சோர்வாக உணர்ந்தேன்' என்று எழுதிக் காட்டினேன். "இது செய்தி அறிக்கை. மனசு இப்படியா பேசும்?" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

உண்மையில் இது சொல்வதுபோல் எளிதன்று. எண்ணம் எழுந்து, அதனால் நெஞ்சு கனத்து, அந்தக் கனத்தைத்தான் நாம் முதலில் உணர்கிறோம். எண்ணமோ அதற்குள் மறைந்திருக்கும். மூன்று நான்கு நாள்களுக்கு எனக்கு எதுவும் பிடிபடவில்லை. பிறகு ஒரு வழி கண்டேன். வயிறு இறுகும்போதெல்லாம் உடனே நின்று, 'இதற்குச் சற்று முன் என்ன ஓடியது?' என்று பின்னோக்கிப் பார்ப்பது. அப்படிப் பார்த்தால் வாலாவது கையில் அகப்பட்டது.

இரண்டு வாரத்தில் 23 குறிப்புகள் சேர்ந்தன. அக்காவும் நானும் விடுதிச் சிற்றுண்டிக் கடையில் அமர்ந்து அவற்றைப் பிரித்துப் பார்த்தோம். வியப்பு என்னவென்றால், புள்ளியியலைப் பற்றி எழுதியிருந்தது வெறும் 5. அவையும் மலாயும் ஆங்கிலமும் கலந்த வகுப்பறை மொழியில் இருந்தன. படித்தால் அவ்வளவாக வலிக்கவில்லை. வலித்தவை அனைத்தும் தமிழில் இருந்தன. அதுவும் எங்கள் தோட்டத்துப் பேச்சுத் தமிழில். பெரும்பாலும் சனி இரவும் ஞாயிறு பிற்பகலும் எழுதப்பட்டவை. அதாவது, செவ்வாய்க்கிழமை வகுப்பு என்னை வாட்டவில்லை, ஞாயிற்றுக்கிழமைத் தொலைபேசிதான் வாட்டியது. அவற்றுள் ஒரு வாக்கியம் மட்டும் 9 முறை வந்திருந்தது:

"அண்ணன் காசத் தின்னுட்டு உக்காந்திருக்கா பாரு."

அக்கா அதை விரலால் தொட்டுக் கேட்டார்: "உன்னப் பத்தி நீயே 'உக்காந்திருக்கா'ன்னு சொல்லுவியா?"

அப்போதுதான் விகுதி என் கண்ணில் பட்டது. நானே சொன்னால் 'உக்காந்திருக்கேன்' என்று தன்மையில் வரவேண்டும். என்னைப் பார்த்து ஒருவர் திட்டினால் 'உக்காந்திருக்கே' என்று முன்னிலை வரவேண்டும். இதுவோ படர்க்கைப் பெண்பால். போதாக்குறைக்கு 'பாரு' என்று வேறொருவரை அழைத்துக் காட்டுகிறது. என் தலைக்குள் யாரோ இருவர் நின்று என்னைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள், நான் ஒட்டுக்கேட்டுக்கொண்டிருந்தேன்.

யார் அவர்கள்? இரண்டு நாள் கழித்து, வாளியில் துணி அலசிக்கொண்டிருந்தபோது நினைவு வந்தது. எனக்குப் பதினொன்று பன்னிரண்டு வயதிருக்கும். எங்கள் லயத்துப் பெண்ணொருத்தி கோலாலம்பூரில் ஏதோ கல்லூரியில் சேர்ந்து, முடிக்காமல் திரும்பிவந்தாள். குழாயடியில் தண்ணீர் பிடித்த பெண்கள் அவளைப் பற்றிப் பேசினார்கள். வாளியோடு வரிசையில் நின்ற நான் கேட்டேன். அவ்வளவுதான். பத்தாண்டுகளாக அது எனக்குள் இருந்ததே எனக்குத் தெரியாது. சொன்ன அக்கம்பக்கத்துப் பெண்களுக்கும் நிச்சயம் நினைவிருக்காது. ஒன்று மட்டும் உறுதி. என் அண்ணன் ஒருநாளும் அப்படிப் பேசியவர் அல்லர். 'தின்னுட்டு' என்ற சொல்லே அவர் வாயில் வராது.

மற்றவர்கள் கண்டது

பின்னாளில் கல்வித்துறைக்கு மாறி ஆலோசகப் பயிற்சி பெற்றபோது, அந்தக் குறிப்பேட்டுக்குப் பின்னால் ஒரு வரலாறு இருப்பதை அறிந்தேன். அமெரிக்க மனநல மருத்துவர் ஆரன் பெக் (1921–2021), 1960களில் மனச்சோர்வுற்றோருக்குச் சிகிச்சை அளித்துவந்தார். அவர்கள் வாய்விட்டுப் பேசும் பேச்சுக்கு அடியில், அவர்களே சொல்லாத இன்னொரு பேச்சு ஓடிக்கொண்டிருப்பதை அவர் கவனித்தார். அது குறுகியதாக, விரைவாக, யாரும் அழைக்காமலே வருவதாக இருந்தது. வந்ததும் உண்மை என்றே நம்பப்பட்டது. தானாக எழும் எண்ணங்கள் என்று அவற்றை அவர் அழைத்தார். அவற்றை எழுத்தில் பிடித்து, சான்றுகளை வைத்து எடைபோடச் செய்வது அவர் வளர்த்தெடுத்த சிகிச்சையின் முக்கியப் பகுதியாயிற்று.

இம்மலைநாட்டில் பலர் பயின்றுவரும் மனவளக்கலையைத் தந்த வேதாத்திரி மகரிஷியும் (1911–2006) 'எண்ணம் ஆராய்தல்' என்பதைத் தற்சோதனையின் முதற்படியாக வைத்தார். எண்ணம் எழுவதற்கு அவர் கூறிய ஆறு காரணங்களில் தேவையும் பழக்கமும் உண்டு. பிறர் மனத் தூண்டுதலும் உண்டு. குழாயடியை நினைக்கும்போதெல்லாம் அந்த ஒன்று எனக்கு விளங்கும்.

நம் இலக்கியம் இதற்குப் புதிதா என்ன? திருக்குறளின் 125ஆம் அதிகாரம் 'நெஞ்சொடு கிளத்தல்', 130ஆம் அதிகாரம் 'நெஞ்சொடு புலத்தல்'. தன் நெஞ்சையே எதிரில் நிறுத்தி, நீ ஏன் இப்படிச் செய்கிறாய் என்று முன்னிலையில் கேட்கும் மரபு அது. தலைவி நெஞ்சோடு பேசுகிறாள். ஆனால் நெஞ்சு வேறு, தான் வேறு என்ற தெளிவோடு பேசுகிறாள். இந்த இடைவெளிதான் நாங்கள் சிகிச்சை அறையில் பல வாரம் முயன்று உண்டாக்கப் பார்ப்பது.

தொல்காப்பிய மெய்ப்பாட்டியலைப் படித்தவர்களுக்கு இன்னொன்றும் நினைவிருக்கும். எண்வகை மெய்ப்பாடுகள் என்று மட்டும் சொல்லி அந்நூல் நிற்கவில்லை. ஒவ்வொன்றும் பிறக்கும் களன் நான்கு என்று பிரிக்கிறது. அழுகை ஒன்றே, ஆனால் அது இளிவு, இழவு, அசைவு, வறுமை என நால்வகையாய்ப் பிறக்கும். பிறர் இகழ்வதால் வரும் அழுகையும், ஒன்றை இழந்ததால் வரும் அழுகையும் வேறு வேறு. இவற்றுள் 'அசைவு' என்பதற்கு, முன்பிருந்த நல்ல நிலை கெட்டு வருந்துதல் என்று பொருள். கவிதைக்குச் சொன்ன இலக்கணத்தை விடுதி அறைக்கு இழுத்துவருகிறேன் என்று புலவர்கள் கோபிக்கக்கூடும். கோபிக்கட்டும். ஆறாண்டும் முதல் மாணவியாயிருந்தவள் ஒரு தாளில் தேறாமல் அழுததற்கு 'மன அழுத்தம்' என்பதைவிட 'அசைவு' என்பதே எனக்குச் சரியான பெயராகப் பட்டது. பெயர் சரியாகக் கிடைத்தால் மருந்தைத் தேட வேண்டிய இடமும் சுருங்குகிறது. எனக்கு வேண்டியது புள்ளியியலில் இன்னொரு புத்தகம் அன்று.

குறிப்பேட்டில் இல்லாதது

குழாயடிப் பேச்சைக் கழித்த பிறகு மிஞ்சியது என்ன என்று அக்கா எழுதச் சொன்னார். மூன்று மிஞ்சின. ஒரு தாள் போய்விட்டது. அதனால் படிப்பு ஓர் அரையாண்டு நீளும், அதற்குப் பணம் வேண்டும். வீட்டில் பொய் சொல்லியிருக்கிறேன். கவலைகளை வேதாத்திரி மகரிஷி நான்காகப் பிரிப்பார்: அனுபவித்துத் தீர்க்க வேண்டியவை, தள்ளிப்போட வேண்டியவை, அலட்சியம் செய்ய வேண்டியவை, உடனே தீர்க்க வேண்டியவை. தாள் போனது முதல் வகை. குழாயடி மூன்றாம் வகை. உடனே தீர்க்க வேண்டியது ஒன்றே ஒன்றுதான். அதைத் தவிர மற்ற அனைத்தையும் நான்கு மாதங்களாகச் செய்துகொண்டிருந்தேன்.

2002 மார்ச் விடுமுறையில் புடுராயாவில் பேருந்து ஏறினேன். இரவு வீட்டில் சொன்னேன். அம்மா சிறிது நேரம் என்னையே பார்த்துவிட்டு, "இதுதானா? நான் உனக்கு ஒடம்புக்கு என்னமோன்னு நெனச்சு மாரியம்மனுக்கு வேண்டிக்கிட்டு இருக்கேன்" என்றார். நான் மறைத்ததாக நினைத்த நான்கு மாதமும் என் குரலை வைத்தே அவர் ஏதோ கண்டுபிடித்திருந்தார், தவறாகக் கண்டுபிடித்திருந்தார்.

அண்ணன் எதுவும் பேசாமல் வெளியே போனார். ஒரு மணி நேரம் கழித்து மூன்று பொட்டலம் மீ கோரேங்கோடு திரும்பினார். சாப்பிட்டு முடித்த பிறகு, "எவ்வளவு கூட ஆவும்?" என்றார். சொன்னேன். தலையாட்டினார். நான் நிம்மதியாகப் பெருமூச்சு விட்டபோது, "பேப்பர் போனா போவுது. நாலு மாசம் அம்மாகிட்ட பொய் சொன்னே பாத்தியா" என்றார். அதன்பின் மூன்று வாரம் நான் அழைத்தபோது அவர் தொலைபேசிக்கு வரவில்லை.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், எண்ணங்களைக் கவனிக்கத் தொடங்கியதும் எல்லாம் சுமுகமாகிவிடும் என்று எழுதும் சுயமுன்னேற்ற நூல்கள் பலவற்றை நீங்கள் படித்திருப்பீர்கள். என் அனுபவம் அப்படியன்று. என் 23 குறிப்புகளில் ஒன்றில்கூட, பொய் சொன்னது அண்ணனை நோகச் செய்யும் என்ற எண்ணம் இல்லை. பணத்தைப் பற்றி அவர் கோபப்படுவார் என்றே பயந்தேன். அவர் கோபப்பட்டது வேறொன்றுக்கு. நம் எண்ணத்தை எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் அதில் பிறர் மனம் தெரியாது. அதைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். ஆனால் போய்க் கேட்பதற்கான கால்களை அந்தக் குறிப்பேடுதான் கொடுத்தது. புள்ளியியலை மறுமுறை எழுதி, சி கூட்டல் பெற்றேன். இழுப்பறையிலிருந்த படிவம் அப்படியே கிடந்து, அறையைக் காலி செய்யும்போது குப்பைக்குப் போனது.

முயன்று பார்க்க விரும்புவோருக்கு

ஒரு சிறு குறிப்பேடு போதும். கைப்பேசியில் எழுதலாமா என்று என் மாணவர்கள் கேட்கிறார்கள். எழுதலாம். ஆனால் எழுதத் திறந்த கைப்பேசியில் வேறு என்னென்ன திறக்கும் என்பது உங்களுக்கே தெரியும். நேரம், இடம், உடலில் எங்கே உணர்ந்தீர்கள், மனம் சொன்ன வாக்கியம் ஆகிய நான்கையும் குறியுங்கள். வாக்கியம் எந்த மொழியில் வந்ததோ அந்த மொழியிலேயே எழுதுங்கள். நாம் மூன்று மொழிகளில் வாழ்பவர்கள். எந்த மொழியில் ஓர் எண்ணம் வருகிறது என்பதே அது எங்கிருந்து வருகிறது என்பதற்குத் துப்பு. பேச்சுத் தமிழில் வந்ததை எழுத்துத் தமிழாக்கினால் விகுதியோடு ஆளும் மறைந்துபோவார்.

இரண்டு வாரம் கழித்து மூவிடம் பாருங்கள். 'நான்' என்று வருகிறதா, 'நீ' என்று வருகிறதா, 'அவன், அவள்' என்று வருகிறதா? 'நீ' என்று வந்தால் அது யாருடைய குரல் என்று கேட்டுப் பாருங்கள். எல்லா எண்ணத்துக்கும் இப்படி ஒரு குழாயடி கிடைக்கும் என்று நான் சொல்லமாட்டேன். பலவற்றுக்குக் கிடைப்பதில்லை. கிடைக்காவிட்டால் விட்டுவிட்டு, எத்தனை முறை வருகிறது, எப்போது வருகிறது என்பதை மட்டும் எண்ணுங்கள். எண்ணிக்கை மட்டுமே சிலருக்கு வழிகாட்டியிருக்கிறது. என்னிடம் வந்த படிவம் நான்கு மாணவன் ஒருவன், வகுப்பில் எல்லோரும் தன்னைக் கேலி செய்வதாக எழுதிவந்தான். அவன் குறித்த நேரங்களைப் பார்த்தால், அவை எல்லாம் ஓய்வு நேரத்திலேயே இருந்தன. வகுப்பில் ஒன்றுமில்லை; சிற்றுண்டிச்சாலையில் காசில்லாமல் தனியே நிற்பதுதான் அவன் துன்பம். அதற்கு ஆலோசனையா வேண்டும்? பள்ளியின் உதவித் திட்டத்தில் பெயர் சேர்த்தோம்.

செய்யக்கூடாதது ஒன்று உண்டு. வந்த எண்ணத்தை விரட்டாதீர்கள். டேனியல் வெக்னர் என்னும் உளவியலாளரும் அவர் குழுவினரும் 1987இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று புகழ்பெற்றது. வெள்ளைக் கரடியை நினைக்காதீர்கள் என்று மாணவர்களிடம் கூறி, நினைவு வரும்போதெல்லாம் மணியடிக்கச் சொன்னார்கள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. பிறகு தாராளமாக நினைக்கலாம் என்று அனுமதித்தபோது, முதலிலிருந்தே நினைக்க அனுமதி பெற்றவர்களைவிட இவர்களுக்கே அதிகம் கரடி வந்தது.

அதற்கு நேர்மாறான குழியும் இருக்கிறது. கவனிப்பதாக நினைத்துக்கொண்டு அசைபோடுவது. 'எனக்கு மட்டும் ஏன் இப்படி?' என்று பக்கம் பக்கமாக எழுதினால் அது எண்ணத்தை அறிவது ஆகாது. எண்ணத்துக்குச் சோறு போடுவது ஆகும். 'ஏன்' என்ற சொல்லைக் குறிப்பேட்டுக்குள் விடாதீர்கள். 'எப்போது, எங்கே, என்ன வார்த்தையில்' என்பவை போதும். ஒரு குறிப்பு இரண்டு வரியைத் தாண்டினால் அசைபோடத் தொடங்கிவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்ளலாம்.

மேலும், எல்லாச் சிக்கலும் எண்ணத்தால் வருபவை அல்ல. கடனுதவி வராமல் பட்டினி கிடப்பவரிடமும், ஒருவரின் தொல்லைக்கு ஆளானவரிடமும் 'உன் எண்ணத்தைக் கவனி' என்று சொல்வது கொடுமை. அவர்களுக்கு வேண்டியது பணமும் பாதுகாப்பும். அதுபோலவே, வாரக்கணக்கில் தூக்கமின்றி, உயிரோடு இருப்பதே வீண் என்ற வாக்கியம் குறிப்பேட்டில் வருமானால், அதைத் தனியே வைத்துக்கொண்டு ஆராயக் கூடாது. அன்றே பல்கலைக்கழக ஆலோசனைப் பிரிவுக்குச் செல்லுங்கள். நள்ளிரவாக இருந்தால், கோலாலம்பூரில் 1970 முதல் இயங்கிவரும் பிஃபிரெண்டர்ஸ் அமைப்பை அழைக்கலாம். இருபத்து நான்கு மணி நேரமும் கேட்பதற்கு ஆள் இருக்கிறார்கள்.

அந்த 555 குறிப்பேடு இன்னும் என்னிடம் இருக்கிறது. அட்டை கிழிந்துவிட்டது. பின்பக்கத்தில் சில தாள்கள் காலியாகவே இருந்தன. இக்கட்டுரையை முடிக்க அமர்ந்த இரவு, இரண்டாவது பத்தியிலேயே வயிறு இறுகியது. நின்று பின்னோக்கிப் பார்த்தேன். இப்படி எழுதி வைத்தேன்: 'இரவு 10.40. சாப்பாட்டு மேசை. பெரிய எழுத்தாளரு, கட்டுரை எழுத வந்துட்டா பாரு.'

படர்க்கைதான்.